பீன்ஸ் வந்த சனிக்கிழமை

செந்தில்,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாங்காட்டு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நீ நடத்திய கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து ஊர் விவசாயி ஒருவரின் தோட்டத்தில் முப்பது வீடுகள் பங்கு சேர்வது, பருவம் தொடங்கும்போதே மொத்தமாகக் கட்டிவிடுவது, அந்தந்த வாரம் அந்த மண்ணில் என்ன விளைகிறதோ அதை ஒரு பையில் வாங்கிக்கொள்வது என்று நீ நிதானமாக விளக்கினாய். பிறக்கப்போகும் குழந்தைக்கு இந்தப் பக்கத்து மண்ணில் விளைந்த காய்தான் முதல் சோறோடு போக வேண்டும் என்று நீ சொன்னபோது, முன் வரிசையில் இருந்த தேன்மொழி வயிற்றில் கை வைத்துச் சிரித்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதன் பிறகுதான் ஒருவர் எழுந்து, "வெளில வாங்கிக் கலந்து குடுத்தா நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நீ என்னைக் கை காட்டினாய். "எங்க அப்பா ஆவடியில இதே மாதிரி ஒண்ணை நடத்தினவர். ஒரு பொம்பளை மார்க்கெட்ல வாங்கிப் போட்டு ஏமாத்தினதை, பையில இருந்த பீன்ஸை வெச்சே கண்டுபிடிச்சார்" என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் எழுந்து ஒரு கும்பிடு போட்டேன். என் பக்கத்து நாற்காலியில், நீ கூட்டி வந்திருந்த அந்தத் திருமழிசைப் பக்கத்து விவசாயி இருந்தார். கைதட்டல் அடங்கும் வரை அவர் தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமை, சரிபார்த்துத் தரச் சொல்லி ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பினாய். பன்னிரண்டு விதிகள் எழுதியிருக்கிறாய். வெளிக் காய் கலந்தது தெரிந்தால் விவசாயியின் பெயரைக் குழுவில் அறிவித்து உடனே ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்பது எட்டாவது விதி. அதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தவன்தான், நாலு நாளாக உனக்குப் பதில் போடவில்லை. வேலையாக இருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். ஓய்வு பெற்றவனுக்கு என்ன வேலை? உனக்குத் தெரிந்திருக்கும் கதை நான் சொன்ன கதை. அதில் ஒரு போன் பேச்சை இந்த வாரம் வரை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அதை நேரில் சொல்லும் தைரியம் எனக்கு வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

மல்லிகாவை நீ ஒன்றிரண்டு தடவை பார்த்திருப்பாய். ஆவடி சேக்காட்டில் நம் தெருவுக்குக் காலையில் கூடையோடு வந்து கீரை விற்ற பெண். அவளும் அவள் புருஷன் ஏழுமலையும் வேப்பம்பட்டில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தார்கள். எனக்குச் சர்க்கரை வந்த பிறகு டாக்டர் கீரையும் நாட்டுக் காயும் சாப்பிடச் சொன்னார் அல்லவா, அப்போது போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தபோது இந்தப் பங்குத் திட்டம் கண்ணில் பட்டது. மறுநாள் காலை அவளை நிறுத்தி வைத்து நான்தான் சொன்னேன். அவளாகக் கேட்டு வந்ததில்லை. "நீ எதுக்கும்மா தெருத்தெருவா சுத்தற? இருபது வீட்டை நான் சேத்துத் தரேன். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பையைக் கொண்டாந்து நம்ம வாசல்ல இறக்கிட்டுப் போ" என்றேன். அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு யோசித்தாள்.

"மழை வந்து அடிச்சுகினு பூட்டா இன்னா சார் பண்றது? முன்னாடியே வாங்கிகினு அப்பால வெறும் பையக் குடுத்தா திட்ட மாட்டாங்களா?"

"அதுக்குத்தாம்மா பங்குன்னு பேரு. விளைஞ்சாலும் பங்கு, விளையலைன்னாலும் பங்கு. யாரு திட்டுவா? நான் இருக்கேன்ல" என்றேன்.

நான் இருக்கேன்ல என்று நான் சொன்னதை நம்பித்தான் அவள் தெருவில் விற்பதை நிறுத்தினாள். இருபத்திரண்டு வீடுகள் சேர்ந்தன. முக்கால்வாசி என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். தர ஆய்வுப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவன் பொறுப்பில் நடக்கிறது என்றால் சரியாக இருக்கும் என்று சேர்ந்தவர்கள். ஆடியில் விதைத்து, ஆவணிக் கடைசியில் முதல் பை வந்தது. வெண்டை, கொத்தவரை, சிறுகீரை, பிஞ்சுப் புடலை. அந்த வாரம் முழுக்க உன் அம்மா சமைத்ததை நீ வந்து சாப்பிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? வெண்டைக்காய் வாசனையே வேறு மாதிரி இருக்கிறது என்றாய். ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் மேசை போட்டு, பட்டியலில் பெயரைக் குறித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் பையை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நான் நின்றதைப் பார்த்து, 'அப்பா திரும்ப டியூட்டிக்குப் போற மாதிரி இருக்காரு' என்று அம்மாவிடம் சொன்னாயாம். உண்மைதான். என் பேச்சுக்கு நாலு பேர் காத்து நிற்கும் இடம் ஒன்று எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தது.

ஐப்பசி மழை வந்தது. வேப்பம்பட்டில் தண்ணீர் வடிய ஐந்து நாள் ஆனது. வெண்டை, கத்தரி எல்லாம் வேர் அழுகிப் போயின. மேட்டில் இருந்த பப்பாளியும் வாழையும் வரப்போரத்து முருங்கையும்தான் மிஞ்சின. பை இளைத்தது. முதல் வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம், "இந்த வாரமும் வாழைத்தண்டா?" என்றார்கள். மூன்றாவது வாரம் ஒரு வீட்டில் பையை வாங்கிக்கொள்ளவே வரவில்லை. "எங்க வீட்ல பசங்க முருங்கைக்கீரையைத் தொடவே மாட்டாங்க சார், ஒரு கேரட், ஒரு பீன்ஸாவது போடச் சொல்லுங்க" என்று இன்னொருவர் கேட்டதை மல்லிகா காதிலும் போட்டு வைத்தேன். அவர்களுக்கு நான் அன்றே பதில் சொல்லியிருக்க வேண்டும். நாம் கையெழுத்துப் போட்டதே இந்த மாதிரி மாதத்துக்குத்தான் என்று வாசலில் நின்று சொல்லியிருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். நாலு பேர் முணுமுணுத்திருப்பார்கள், அவ்வளவுதான். நான் சொல்லவில்லை. என் மேசைக்கு வந்தவர்கள் முகம் சுளித்துப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

நாலாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை, ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மல்லிகா போன் செய்தாள். "சார், நாளைக்கும் பப்பாளிக்காயும் முருங்கையும்தான் கீது. கீரை இப்பத்தான் மொளச்சுகீது, ரெண்டு வாரம் ஆவும். நீங்க கொஞ்சம் சொல்லி வெக்கிறீங்களா?" என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. "என்னால ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லிட்டு இருக்க முடியாதும்மா. எதையாவது போட்டு பையை நிறைச்சு அனுப்பு" என்றேன். "தோட்டத்துல ஒண்ணும் இல்லியே சார்" என்றாள். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. எப்படியாவது சமாளி. வெறும் பையோட நாளைக்கு வராதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். செந்தில், இதுதான் அந்தப் பேச்சு. நீ கூட்டத்தில் சொன்ன கதையில் இல்லாமல் போனது இதுதான்.

சனிக்கிழமை பை நிறைந்து வந்தது. முருங்கைக்கீரை, பப்பாளிக்காய், அவற்றுக்கு மேலே பீன்ஸும் கேரட்டும். நான் பார்த்தேன். பார்த்ததும் எனக்குப் புரிந்தது. புரிந்தும் ஒவ்வொரு பையாக எடுத்துக் கொடுத்தேன். ஏழெட்டுப் பேர் நின்றிருந்தபோது, என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஒரு பீன்ஸைத் தூக்கிப் பிடித்து, "இன்னா சார், வேப்பம்பட்டு எப்போ மலைமேல ஏறிச்சு? பீன்ஸ் காய்க்குதே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் சிரிப்பு முடிந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதிலுக்குக் காத்திருந்தார்கள். 'நான்தான் போடச் சொன்னேன்' என்று மூன்று வார்த்தை வாயில் இருந்தது. என் வாய் வேறு சொன்னது. "எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. விசாரிக்கிறேன்" என்றேன். அதைச் சொன்ன பிறகு திரும்பி வர வழி இல்லை. அவர்கள் போனதும் பீன்ஸைத் தரையில் பரப்பிப் படம் எடுத்தேன். "மல்லிகா நம் நம்பிக்கையை ஏமாற்றிவிட்டார். இது நம் தோட்டத்தில் விளைந்ததல்ல. மன்னிக்க முடியாத செயல்" என்று எழுதி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அவளுக்கு ஒரு போன் செய்யவில்லை. என்ன நடந்தது என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத்தான் தெரியுமே.

பத்து நிமிஷத்தில் குழு கொதித்தது. ஏமாற்றுக்காரி என்றார்கள். இதற்கு முன்னால் வந்த பப்பாளி, கீரை எல்லாமே சந்தைச் சரக்காகத்தான் இருக்கும் என்றார்கள். ஏழுமலையின் எண் குழுவில் இருந்தது, யாரோ அதை நீக்கிவிட்டார்கள். 'கரெக்டா பிடிச்சீங்க சார்' என்று எனக்குப் பாராட்டு வந்துகொண்டே இருந்தது. நீயும் அன்று மாலை போன் செய்து, "அப்பா, சர்வீஸ் முடிஞ்சும் கண்ணு அப்படியே இருக்குப்பா" என்றாய். அப்போதாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். சிரித்து வைத்தேன்.

அந்தி சாயும் நேரத்தில் அவள் வந்தாள். ஏழுமலை தெருமுனையில் வண்டியோடு நின்றிருந்தான். நான் வெளியே போய் கேட்டைச் சாத்திக்கொண்டேன்.

"சார், நீங்கதானே எதையாவது போட்டு நெறச்சு அனுப்பச் சொன்னீங்க?"

"எதையாவதுன்னா தோட்டத்துல இருக்கறதைச் சொன்னேன்."

"தோட்டத்துல ஒண்ணும் இல்லன்னு சொல்லிகினுதானே இருந்தேன். புள்ளைங்க பீன்ஸ் கேக்குதுன்னு நீங்கதானே போன வாரம் சொன்னீங்க. அதான் வாங்கிப் போட்டேன். ஒளிச்சா வெச்சேன்? மேலாக்கதானே வெச்சேன்?"

அவள் குரல் உயர்ந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மெதுவாப் பேசும்மா, உள்ள அம்மா இருக்காங்க" என்றேன். அவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பிறகு, "செரி சார். வர சனிக்கிழமை வரட்டுமா, வேணாமா, அத்த மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அவள் போன பிறகுதான், ஒளிச்சா வெச்சேன் என்று அவள் கேட்டது என் மண்டையில் ஏறியது. ஏமாற்ற நினைத்தவள் கத்தரிக்காய் வாங்கிப் போட்டிருப்பாள். நாமும் வேப்பம்பட்டுக் கத்தரிக்காய் என்று சாப்பிட்டிருப்போம். மலையில் மட்டும் விளையும் காயை எல்லோர் கண்ணிலும் படும்படி மேலே வைத்தவளுக்கு மறைக்கும் எண்ணமே இல்லை. விளையாத மாதத்தில் நம் பிள்ளைகளுக்காகத் தன் கைக்காசைப் போட்டு வாங்கியிருக்கிறாள். நான் கண்டுபிடித்ததாக நீ பெருமைப்படுகிறாயே, அதில் கண்டுபிடிக்க என்ன இருந்தது?

பதினைந்து வீடுகள் விலகின. மிச்சம் ஏழு வீட்டுக்கும் அவள் தை முடியும் வரை ஒரு சனிக்கிழமை தவறாமல் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். கீரை திரும்ப வந்தது, முள்ளங்கி வந்தது. ஒருவரிடமும் அந்தப் போன் பேச்சைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. ஏன் என்று கடைசி சனிக்கிழமை கேட்டேன். "சொல்லி இன்னா ஆவப்போவுது சார்? இருக்கற ஏழும் உங்க மூஞ்சிக்காவ நிக்கறவங்க. உங்க மேல நம்பிக்க போச்சுன்னா அதுவும் பூடும்" என்றாள். அடுத்த பருவத்துக்கு யாரும் சேரவில்லை. குத்தகை கை மாறிப் போயிற்று. தெருவில் கீரை விற்கலாம் என்றால் அதற்குள் இங்கே வேறொருவர் வாடிக்கை பிடித்துவிட்டார்.

உனக்குப் பத்து வயசு இருக்கும்போது நாம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் செக்‌ஷனில் ஒருவர் என் லீவு நாளில் தனக்குப் பதிலாக ஷிப்ட் வர முடியுமா என்று கேட்க வருவார் என்று தெரிந்து, அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லிவிடு என உன்னை வாசலுக்கு அனுப்பினேன். நீ சொன்னாய். அவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டார். நான் வெளியே வந்து, "பெரியவங்ககிட்ட பொய் சொல்ற பழக்கம் எங்கடா வந்துச்சு?" என்று அவர் முன்னாலேயே உன் கன்னத்தில் அறைந்தேன். நீ அழவில்லை. நான்தான் சொல்லச் சொன்னேன் என்று அவரிடம் சொல்லவும் இல்லை. உனக்கு இது மறந்திருக்கலாம். எனக்கும் மறந்துதான் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கைதட்டலுக்கு நடுவில் எழுந்து நின்றபோது, பத்து வயசு உன் முகமும் மல்லிகாவின் முகமும் ஒன்றாக வந்து நின்றன. இரண்டு பேரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதை நான் என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திட்டத்தைக் கைவிடச் சொல்லி இதை எழுதவில்லை. நல்ல காரியம், நடத்து. எட்டாவது விதியை எடுத்துவிடு. அந்த இடத்தில், மழையிலோ வெயிலிலோ பயிர் போனால் அந்த வாரம் வெறும் பையை வாங்கிக்கொள்ள முப்பது வீடும் சம்மதிக்கிறோம் என்று எழுது. எழுதி, ஒவ்வொருவரும் வாய்விட்டுப் படித்த பிறகு கையெழுத்து வாங்கு. பை நிறைந்து வரும் நாளில் நீ வாசலில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, இளைத்து வரும் நாளில் நீ நின்றாக வேண்டும். சண்டை வந்தால் அதை நீ வாங்கிக்கொள். அதுதான் அந்தப் பொறுப்பு, மற்றதெல்லாம் பெயர் குறிக்கும் வேலை. விளையவில்லை என்று விவசாயி போன் செய்தால், செந்தில், 'எப்படியாவது' என்ற வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதே. அடுத்த கூட்டத்தில் இந்தக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் படி. அந்தத் திருமழிசைக்காரர் வந்திருக்கும்போது படி. வீட்டில் நீயும் தேன்மொழியும் படித்துவிட்டு வைத்துக்கொள்வதற்காக நான் இதை எழுதவில்லை.

புதன்கிழமை உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிந்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, "தை முடியற வரைக்கும் அந்தப் பொண்ணு நம்ம வாசல்ல வந்து நின்னுச்சு. ஏமாத்துக்காரின்னு நினைச்சு ஒரு நாள்கூட நான் தண்ணி வேணுமான்னு கேக்கலை. என்னையும் சேத்து இல்ல கெடுத்திருக்கீங்க?" என்றாள். நான் உட்கார்ந்து பழைய குழுவில் எழுதிப் போட்டேன். 'பீன்ஸ் விஷயத்தில் விவசாயி மேல் தவறு இல்லை, எதையாவது போட்டுப் பையை நிறைக்கச் சொன்னது நான்தான், அதை மறைத்ததற்கு எல்லோரும் மன்னிக்க வேண்டும்' என்று. இரண்டு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர், "விடுங்க சார், பழைய கதை" என்றார். என்னைத் திட்டுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். யாரும் திட்டாததுதான் எனக்கு அதிகம் வலித்தது. அவளை எல்லோரும் எவ்வளவு திட்டினார்கள்!

நேற்று அம்மாவும் நானும் வேப்பம்பட்டுக்கு ரயிலேறிப் போனோம். ஏழுமலை ஏதோ அடுக்குமாடியில் காவல் வேலைக்குப் போகிறானாம், வீட்டில் இல்லை. மல்லிகா அப்போதுதான் திருநின்றவூரில் ஒரு கேட்டரிங் சமையல்கூடத்தில் வேலை முடிந்து வந்திருந்தாள். என்ன வேலை என்று அம்மா கேட்டாள். "காய் அரியற வேல. நாள் பூரா பீன்ஸும் கேரட்டும்தான்" என்றாள். கிண்டலா இல்லையா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். குழுவில் உண்மையைப் போட்டுவிட்டேன் என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"இன்னா போட்டீங்க? படிங்க" என்றாள்.

படித்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "என் பேரு எங்க சார்?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"திட்டி போட்டப்ப மல்லிகான்னு போட்டீங்களே. எங்க ஊட்டாரு படிச்சுக் காட்னாரு. இப்ப இன்னாத்துக்கு விவசாயி?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து மறுபடி எழுதினேன். 'மல்லிகா யாரையும் ஏமாற்றவில்லை' என்று தொடங்கி முழுவதையும் எழுதி வாசித்துக் காட்டினேன்.

"இன்னொண்ணும் போடுங்க. முன்னாடி குடுத்ததும் வெளிய வாங்கினதுன்னு சொன்னாங்கல்ல? அந்தப் பப்பாளி, முருங்க, கீர, வெண்ட எல்லாம் நானும் அவுரும் வெச்சது. அத்தப் போடுங்க."

ஒவ்வொன்றாக அவள் சொல்லச் சொல்லப் போட்டேன். கொத்தவரையை விட்டுவிட்டேன், அதையும் சொல்லிச் சேர்க்க வைத்தாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில், "ம், இப்ப அனுப்புங்க சார்" என்றாள். என் விரல் அழுத்துவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போய்ச் சேர்ந்துவிட்டது என்று காட்டிய பிறகுதான் எங்களை உட்காரச் சொல்லி, உள்ளே அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.

அப்பா